மூட்டை கனம் காட்டும், சொட்டு பலம் காட்டும்
(கிளிஞ்சல் சுண்ணாம்பின் காரத்தை அளக்கும் முறை பற்றிய வானொலி உரை)



வீட்டில் கலியாணம் என்றால் ஆரத்தி கரைக்கிறோம். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் தூளைப் போட்டு, ஒரு துளி சுண்ணாம்பைக் கலக்கினால் தண்ணீர் சிவப்பாக மாறிவிடும். மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றி, வாசலில் கொட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதைக் கொட்டாமல் அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சம் பழத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து பாருங்கள். கொஞ்ச நேரம் சிவப்பு அப்படியே இருக்கும். பிறகு ஏதோ ஒரு சொட்டில் பளிச்சென்று மஞ்சளாகத் திரும்பிவிடும். சுண்ணாம்பின் காரத்தை எலுமிச்சையின் புளிப்பு முழுவதும் முறித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சுண்ணாம்பு அதிகம் போட்டிருந்தால் சொட்டும் அதிகம் வேண்டும், குறைவாகப் போட்டிருந்தால் குறைவான சொட்டு போதும்.

ரசாயனக் கூடங்களில் ‘தரம் பார்த்தல்’ என்று சொல்லும் முறை இதுவேதான். எலுமிச்சைக்குப் பதிலாகப் பலம் தெரிந்த அமிலம், மஞ்சளுக்குப் பதிலாக நிறம் காட்டும் மருந்து, கைக்குப் பதிலாக அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய். வித்தியாசம் அவ்வளவே. இந்த முறையால் பழவேற்காட்டுப் பக்கத்து மக்களுக்கு என்ன லாபம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறதா?

தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கிறது நம் ஏரி. தெற்கே ஆரணி ஆறு வந்து கலக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்குகிறது. இந்த உவர் நீரில் மட்டியும் ஆளியும் காலம் காலமாக வாழ்ந்து மடிந்து, அவற்றின் ஓடுகள் ஏரியின் அடியில் படுகை படுகையாகப் படிந்திருக்கின்றன. அந்தக் கிளிஞ்சலைத் தோண்டி, கரியோடு கலந்து காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது நம் பக்கத்துக்குப் பழக்கமான தொழில். வெள்ளையடிக்க, வெற்றிலைக்குத் தடவ, இறால் குட்டை அடிமண்ணைச் சுத்தம் செய்ய என்று எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வேண்டியிருக்கிறது.

“ஏம்பா, சுண்ணாம்புன்னா சுண்ணாம்புதானே, அதுல என்னா பழசு புதுசு?” என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, ஐயா. நிறையவே இருக்கிறது.

கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் வேகும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். சுத்தமான ஓடு 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடும். இந்தச் சுட்ட சுண்ணாம்பின் மேல் தண்ணீர் தெளித்தால் சூடு கிளம்பிப் பொரிந்து பொடியாகும். அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும்.

இதுவரை சரி. இனிமேல்தான் விஷயம். நீற்றிய சுண்ணாம்பைக் காற்றுப்பட வைத்திருந்தால், காற்றில் உள்ள கரியமில வாயுவை அது மறுபடியும் உறிஞ்சிக்கொள்ளும். காளவாயில் விரட்டிய வாயு திரும்பி வந்து குடியேறிவிடும். சுண்ணாம்பு மறுபடியும் கிளிஞ்சல் மாவாகவே ஆகிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைப் பொடிதான், ஆனால் காரம் செத்துப்போயிருக்கும். ஈரக்காற்று வீசும் நம் கடற்கரையில் சணல் சாக்கில் கட்டிப் போட்ட சுண்ணாம்புக்கு இது சுலபமாக நேர்ந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவில் காய்ந்துபோனால் நாக்கில் உறைக்காது என்று பாட்டிமார் அறிவார்கள். காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு முழுவதும் செத்தால் 100 கிலோ மாவாகிறது. அதாவது சாகச் சாக எடை கூடுகிறது! மீன் கெட்டால் நாற்றம் காட்டிக் கொடுக்கும். கருவாடு காய்ந்தால் எடை குறையும். சுண்ணாம்பு மட்டும் கெடக் கெடக் கனக்கிறது. எடை போட்டு வாங்குகிறவர், செத்த சுண்ணாம்புக்கு அதிக விலை கொடுக்கிறார்.

நஷ்டம் பணத்தில் மட்டுமா?

குட்டைக்காரர் ஒருவருக்கு 100 கிலோ நீற்றிய சுண்ணாம்பு போடச் சொல்லி யோசனை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கிய சரக்கில் பாதிதான் உயிருள்ளது. அவர் போட்டது உண்மையில் 50 கிலோதான். மீதி மாவு முழு வீண் என்று சொல்லமாட்டேன். அடிமண்ணின் புளிப்பை அது மெல்ல மெல்ல முறிக்கும். ஆனால் காய்ந்த குட்டையில் கிருமியையும் வேண்டாத மீன் முட்டையையும் அழிக்கும் வேகம் அதற்கு இல்லை.

“போன தடவை பத்தலை, இந்தத் தடவை ரெட்டிப்பாப் போடு” என்று அவர் பழகிவிடுகிறார். அடுத்த முறை காளவாயிலிருந்து புத்தம் புதுச் சரக்கு வருகிறது. பழைய பழக்கத்தில், இறால் இருக்கும் குட்டையில் அதே இரட்டை அளவை வீசுகிறார். தண்ணீரின் காரநிலை மளமளவென்று ஏறுகிறது. காரநிலை ஏறினால் குட்டையில் இருக்கும் அம்மோனியாவின் விஷம் பல மடங்கு கூடும். ஒரே ராத்திரியில் இறால் கரை ஒதுங்கினால் அதற்குக் காரணம் நோய்தான் என்று அவர் நினைப்பார். பலம் தெரியாத சுண்ணாம்பு என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

இங்கே ஒரு வார்த்தை. நான் பேசுவது உரிய அனுமதி பெற்ற குட்டைகளைப் பற்றி. பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குட்டைகள் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே.

காகிதம் போதாதா?

“பி.எச். காகிதம் கடையில் கிடைக்கிறதே, அதை நனைத்துப் பார்த்தால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு குடம் தண்ணீரில் கரையாமல் தங்கும் அளவுக்கு உப்பையும், இன்னொரு குடத்தில் அதைவிடப் பல மடங்கு உப்பையும் கொட்டினால் எப்படி? தண்ணீர் ஓரளவுக்கு மேல் உப்பைக் கரைக்காது. அந்த அளவு தாண்டிவிட்டால், அடியில் எவ்வளவு தங்கியிருந்தாலும் மேல் தண்ணீரின் கரிப்பு ஒன்றேதான். சுண்ணாம்பின் கதையும் அதுவே. அது மிகக் குறைவாகத்தான் கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். நல்ல சுண்ணாம்பிலும் பாதி செத்த சுண்ணாம்பிலும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்துத் தனித்தனி வாளியில் கரையுங்கள். தெளிந்த நீரில் காகிதத்தை நனைத்தால் இரண்டிலும் 12-க்கு மேல் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கரைந்திருக்கும் காரத்தின் கடுமையைக் காகிதம் சொல்லும். மொத்தம் எவ்வளவு காரம் கைவசம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. நாம் காசு கொடுப்பதோ மொத்தத்துக்கு. அந்த மொத்தத்தை அறிய, முழுவதையும் அமிலத்தால் முறித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வியாபாரிகள் கண்ட வழி

இந்த முறை படித்தவர்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததல்ல, சந்தைச் சண்டையில் பிறந்தது. துணி வெளுக்கும் தொழிலுக்குச் சாம்பல் உப்பை விலைக்கு வாங்கிய ஐரோப்பியர்களுக்கும், எந்த மூட்டையில் எவ்வளவு காரம் என்பதே தலைவலி. 1756-ல் ஸ்காட்லாந்தில் பிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர், சாம்பல் உப்பின் மேல் நீர்த்த அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்றி, நுரை நிற்கும் வரை எத்தனை கரண்டி ஆகிறது என்று எண்ணினார். கரண்டிக் கணக்குதான் காரத்தின் கணக்கு. ஐம்பது ஆண்டு கழித்து, பிரான்சில் ரூவான் நகரத்து டெக்ரோவாசில் என்பவர் இதற்கென்றே கோடு போட்ட கண்ணாடிக் குழாயை அமைத்தார். இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் இருக்கும் பியூரெட் அந்த வழியில் வந்ததுதான்.

செய்முறை

வேண்டியவை: 50 மி.லி. பியூரெட், மூடியுள்ள கண்ணாடிக் குடுவை, நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசு, பினால்ப்தலீன் கரைசல், சர்க்கரை, அரை நார்மல் பலமுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தை நீங்களாகக் கலக்க வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் தயாரித்ததையே வாங்குங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் உதவாது, அதன் பலம் யாருக்கும் தெரியாது.

முதலில் மாதிரி எடுக்கும் விதம். ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி எடுத்தால் அது அந்த மூட்டைக்கே சாட்சி சொல்லாது. காற்றுப்பட்ட மேல் பாகம் முதலில் சாகும். ஆகவே நாலைந்து மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அப்படியே செய்து ஒரு கைப்பிடிக்குக் கொண்டு வாருங்கள். ஈரமில்லாத பொடியாக இருக்க வேண்டும். உடனே மூடிவிடுங்கள்.

இனி, 0.925 கிராம் நீற்றிய சுண்ணாம்பை நிறுத்துக் குடுவையில் போடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டு நனையுங்கள். அதே தண்ணீர் 100 மி.லி.யில் 15 கிராம் சர்க்கரையைக் கரைத்து அதில் ஊற்றி, மூடி, கால் மணி நேரம் அவ்வப்போது நன்றாகக் குலுக்குங்கள்.

சர்க்கரை எதற்கு என்கிறீர்களா? வெறும் தண்ணீரில் சுண்ணாம்பு கரையாது என்றேன் அல்லவா? சர்க்கரை நீர் அதைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு கரைத்துவிடும். செத்த மாவை அது தொடாது. உயிருள்ளதை மட்டும் பிரித்து எடுக்கும் தந்திரம் இது.

இப்போது பினால்ப்தலீன் மூன்று நான்கு சொட்டு விடுங்கள். கரைசல் செம்பருத்திப் பூ நிறத்தில் சிவக்கும். பியூரெட்டில் அமிலத்தைச் சுழிக்கோடு வரை நிரப்பி, குடுவையை ஆட்டிக்கொண்டே மெல்ல விடுங்கள். சிவப்பு வெளுத்து வரும்போது சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் முதன்முதலாக மறைந்த இடத்தில் நிறுத்திக் கோட்டைப் படியுங்கள். சற்று நேரம் கழித்துச் சிவப்பு லேசாகத் திரும்பி வரலாம். அது கரையாமல் கிடக்கும் துணுக்கின் வேலை. அதைப் பார்த்து மேலும் அமிலம் விடாதீர்கள்.

கணக்கு மிகச் சுலபம். இந்த எடைக்கும் இந்த அமிலத்துக்கும், ஒரு மி.லி. என்றால் 2 சதவீதம். 45 மி.லி. ஆனால் சுண்ணாம்பு 90 சதவீதம் உயிருள்ளது. 24 மி.லி.யிலேயே நிறம் போய்விட்டால் 48 சதவீதம்தான். இரண்டு முறை செய்து, இரண்டும் அரை மி.லி.க்குள் ஒத்து வந்தால் நம்பலாம்.

குடுவையின் அடியில் தங்கியது என்ன? இன்னும் கொஞ்சம் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் அது காற்றுப்பட்டுச் செத்த சுண்ணாம்பு, அல்லது காளவாயில் சரியாக வேகாத கிளிஞ்சல். நுரைக்காமல் நறநறவென்று கிடந்தால் மணலோ சாம்பலோ கலந்திருக்கிறது. முதலாவது வைத்திருந்த விதத்தின் குற்றமோ, சுட்ட விதத்தின் குற்றமோ ஆகலாம். இரண்டாவது கலப்படமாகவும் இருக்கலாம். யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அமிலத்தின் பலத்திலேயே சந்தேகமா? ஈரமில்லாமல் உலர்த்திய சுத்தமான சோடியம் கார்பனேட் 0.53 கிராமைத் தண்ணீரில் கரைத்து, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் ஆரஞ்சாகும் வரை அமிலம் விடுங்கள். சரியாக 20 மி.லி. ஆனால் அமிலம் அரை நார்மல்தான். படிக்கல்லைச் சரிபார்க்காமல் தராசை நம்பலாமா?

வீட்டளவில் ஒரு வழி

பியூரெட் இல்லாத ஊரில் என்ன செய்வது? சதவீதம் தெரியாவிட்டாலும், இரண்டு சரக்கில் எது பலம், எத்தனை மடங்கு பலம் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். காளவாயில் அன்றைக்கே சுட்டதைக் கண்ணெதிரே நீற்றி, சலித்து, இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். அது ஒப்புக்கு. அதில் ஒரு கிராம், சந்தேகச் சரக்கில் ஒரு கிராம். இரண்டையும் தனித்தனியே சர்க்கரை நீரில் முன்போலக் கரைத்து மஞ்சள் தூள் போடுங்கள். ஒரே புட்டி வினிகரை ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, சிவப்பு மஞ்சளாகும் வரை விட்டு, எத்தனை மி.லி. என்று எழுதுங்கள். நல்லதற்கு 36, மற்றதற்கு 18 என்று வந்தால் இரண்டாவது பாதிப் பலம். மஞ்சளின் நிறமாற்றம் பினால்ப்தலீன் அளவுக்குத் துல்லியமல்ல. ஆனாலும் பாதிக்குப் பாதி ஏமாறாமல் தப்பிக்க இது போதும்.

விலையைக் கணக்கிடும் விதம்

50 கிலோ மூட்டை ஒன்று 300 ரூபாய், இன்னொன்று 450 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதலாவது 48 சதவீதம், அதில் உயிருள்ளது 24 கிலோ. கிலோ பன்னிரண்டரை ரூபாய் ஆகிறது. இரண்டாவது 90 சதவீதம், உயிருள்ளது 45 கிலோ. கிலோ பத்து ரூபாய்தான். மலிவு என்று தூக்கி வந்ததே விலை அதிகமான சரக்கு! குட்டைக்குப் போடும் அளவையும் இப்படியே சரிசெய்ய வேண்டும். சொன்ன அளவை நூறால் பெருக்கிச் சதவீதத்தால் வகுத்தால் போட வேண்டிய எடை வந்துவிடும். எந்த நிலத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும் மீன்வளத் துறையினரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

சில எச்சரிக்கைகள்

அமிலமும் சுண்ணாம்பும் கண்ணுக்கு எமன். தெறித்தால் உடனே நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவி, மருத்துவரிடம் ஓடுங்கள். அமிலத்தை வாயால் உறிஞ்சி எடுக்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீரைக் குபுக்கென்று ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். சோதித்து முடித்த சர்க்கரை நீரைக் குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

வாங்கிய சுண்ணாம்பைச் சணல் சாக்கில் விடாமல் தடித்த பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். வெள்ளையடிக்க வைத்திருப்பதைக் குழம்பாகக் கரைத்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் மூடியிருந்தால் காற்று எட்டாது.

நிறைவாக ஒரு யோசனை. ஏரியில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பாடு முறையில் ஊர் கூடி முடிவு செய்கிறவர்கள் நீங்கள். சுண்ணாம்பையும் அப்படியே ஊர்ப் பொதுவில் வைத்து வாங்குங்கள். பத்துக் குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு பியூரெட் வாங்கினால் ஆளுக்குப் பெரிய செலவில்லை. கல்லூரியில் ரசாயனம் படிக்கும் பிள்ளைகள் இன்று எந்தக் குப்பத்தில்தான் இல்லை? அவர்களை முன்னே விடுங்கள். பக்கத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் இயங்கி வருகிறது. சந்தேகம் வந்தால் அங்கே போய்க் கேளுங்கள். சுண்ணாம்பு விற்பவர் எதிரிலேயே சோதனை நடக்கட்டும். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கோபிக்க மாட்டார், அவருக்கும் இது நற்சாட்சிதான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கிளிஞ்சல் ஏரியின் சொத்து. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அனுமதியின்றி அதில் எதையும் தோண்டக் கூடாது. அத்தனை காலம் படிந்த ஓட்டைத் தோண்டி, கரி போட்டுச் சுட்டு, கடைசியில் சாக்கில் சாகவிட்டால் அந்த உழைப்பும் ஏரியும் இரண்டும் வீண்தானே? ஆகவே அடுத்த முறை மூட்டையைத் தூக்கிப் பார்த்துக் கனத்தில் மயங்காதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து, சொட்டுக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.